'ட்ரை பண்றேங்கய்யா' என்று சொன்ன ஷட்டர்காரர்

எங்கள் பொறியாளர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் மூன்று முறை போன் செய்தார். முதல் முறை எனக்குச் சந்தேகம் வந்தது. ஓய்வு பெற்றவனை எதற்கு இப்படித் தேடுகிறார்கள், பழைய ஃபைல் ஏதாவது கிளம்பியிருக்கிறதா என்று நினைத்தேன். இரண்டாம் முறை, பக்கம் நிரம்பவில்லை போலிருக்கிறது என்று தோன்றியது. மூன்றாம் முறை அவரே விஷயத்தைச் சொன்னார். இந்த வருடம் நம் துறைக்கு உதவிப் பொறியாளர்கள் நிறையப் பேர் புதிதாக வந்திருக்கிறார்களாம். அவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி இருக்க வேண்டுமாம். "ட்ரை பண்றேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப எழுத மாட்டீங்கன்னு வச்சுக்கிறேன்" என்றார். அவரும் இந்தத் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர்தான்.

அந்த ஒரு வார்த்தையைப் பற்றியே எழுதினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் அதற்கு முயற்சி செய் என்று பொருள் சொல்லிக் கொடுத்தார்கள். அகராதியிலும் அதுதான் இருக்கிறது. வேலைக்கு வந்த பிறகு நான் வேறு அகராதி ஒன்றை மனசுக்குள் எழுத ஆரம்பித்தேன். நாளைக்குள் முடிக்க ட்ரை பண்றேன் என்று காண்ட்ராக்டர் சொன்னால், ஜல்லி இன்னும் லாரியில்கூட ஏறவில்லை. உங்கள் மாறுதலுக்கு ட்ரை பண்றேன் என்று மேலதிகாரி சொன்னால், நீங்கள் எந்த ஊருக்குக் கேட்டீர்கள் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. பதவியில் இருப்பவர் சொன்னால், அதே பதிலை உங்கள் எதிராளிக்கும் காலையிலேயே சொல்லி அனுப்பியாயிற்று. கடிதத்தில் எழுதும்போது ட்ரை என்று எழுத மாட்டார்கள். எண்டெவர் என்பார்கள், எவ்ரி எஃபர்ட் என்பார்கள். வார்த்தை நீள நீள வேலை சுருங்கிக்கொண்டே போகும். நானும் அப்படி எழுதியவன்தான், யோக்கியன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த மொழிபெயர்ப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். போதாதற்கு, நான் முதலில் வேலை பார்த்த அதிகாரி அதற்கு எண்ணெய் ஊற்றி வளர்த்தார். அவர் பெயர் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள். யார் எதைச் சொன்னாலும், அது யாருக்கு லாபம் என்று முதலில் பார் என்பது அவருடைய பாடம். காண்ட்ராக்டர்களிடம் அந்தப் பாடம் என்னைப் பலமுறை காப்பாற்றியது. ஒரே ஒரு முறை கவிழ்த்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. குத்தாலம் பக்கத்து வாய்க்கால்களிலேயே ஏ.இ.யாக, அதாவது உதவிப் பொறியாளராக, பதினைந்து வருடம் ஓட்டியவனைத் தூக்கி, கீழ்வேளூருக்குக் கிழக்கே கடலோரப் பிரிவில் போட்டார்கள். குத்தாலத்தில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகும். வேறு திசை அதற்குத் தெரியாது. திறந்தால் போகும், மூடினால் நிற்கும். என் அனுபவம் என்று நான் மார்தட்டிக்கொண்டதெல்லாம் அந்த ஊர்த் தண்ணீரோடு பழகியதுதான்.

கடலோரத்தில் கதை வேறு. வடிகால் ஆறு கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. ஐந்து கண், ஐந்து ஷட்டர். வயலில் தேங்கும் மழைத் தண்ணீரைக் கடலுக்கு அனுப்புவதற்கும், கடல் தண்ணீர் ஊருக்குள் ஏறாமல் தடுப்பதற்கும் அதே ஷட்டர்தான். கடல் இறங்கும்போது திறக்க வேண்டும், ஏறும்போது மூட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். புத்தகத்தில் படித்திருந்தேன்.

அந்த ரெகுலேட்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு லஸ்கர் இருந்தார். ஊரில் எல்லோரும் அவரை ஷட்டர்காரர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லி உடம்பு. மழை என்றால் உரச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார், துறை கொடுத்த ரெயின்கோட் ஷெட்டில் ஆணியில் தொங்கும். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். முதலில் தண்ணீரைப் பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த இடைவெளியில் என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரமே சிலர் காதில் போட்டுவிட்டார்கள். ரெகுலேட்டருக்குக் கடல் பக்கம் ஒரு இறால் பண்ணை இருக்கிறது, வெள்ளத்தைத் திறந்துவிட்டால் அந்தக் குட்டைகளின் கரை உடையும், அதனால் பண்ணைக்காரர் ஷட்டர்காரரைக் கையில் வைத்திருக்கிறார் என்றார்கள். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. ஒருநாள் ஜீப்பில் போகும்போது அவர் சைக்கிள் ஹாண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை தொங்குவதைப் பார்த்தேன். வண்டியை நிறுத்தி, பையில் என்ன என்று கேட்டேன். தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எறாலுங்கய்யா" என்றார். பெரிய பெரிய இறால். சந்தையில் விலை கொடுத்து வாங்குகிற சம்பளம் அவருக்கு இல்லை. அன்றோடு என் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. சம்பா நட்டு இருபது இருபத்தைந்து நாள் ஆன பயிர், நுனி மட்டும் தெரியும்படி முங்கிக் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் அழுகிவிடும். ரெகுலேட்டருக்கு உடனே மேற்கே, ஆற்றங்கரையை ஒட்டி ராசாத்தி என்ற பெண்ணின் வயல். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். அவளுடைய அம்மா அதே வயலில் மிராசுக்குக் கூலிக்கு நட்டவள். மிராசின் பேரன் விற்றபோது, ராசாத்தியும் திருப்பூரில் வேலை செய்யும் அவள் புருஷனும் சேர்ந்து வாங்கினார்கள். சொந்த நிலத்தில் அது அவளுக்கு முதல் சம்பா. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலையெல்லாம் நனைந்திருந்தது. அழவில்லை, கத்தவில்லை. "சார், தண்ணி வடியணும், இல்லாட்டி பயிரு இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

அதுவரை ஷட்டர் மூடியே இருக்கிறது என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஷட்டர்காரருக்குப் போன் போட்டேன். ஏன் திறக்கவில்லை, உடனே திறங்கள் என்றேன். "ட்ரை பண்றேங்கய்யா" என்றார். ஒன்பதரைக்கு மறுபடியும் கூப்பிட்டேன். அதே பதில். பத்து மணிக்குச் செயற்பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். வடிகால் எல்லாம் திறந்தாயிற்றா என்று மாவட்டத்தில் கேட்கிறார்களாம். "ட்ரை பண்ணிக்கிட்டு இருக்கோம் சார்" என்று என் வாயிலிருந்து வந்தது. "ட்ரையெல்லாம் வேணாம்யா, தெறந்துட்டேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டார்.

கேட்டீர்களா, நானும் அன்றைக்கு அதே வார்த்தையைத்தான் மேலே சொன்னேன். நான் சொன்னால் அவகாசம் கேட்கிறேன் என்று அர்த்தமாம், அவர் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமாம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஜீப்பில் இரண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு பதினொரு மணிக்கு ரெகுலேட்டருக்குப் போனேன். ராசாத்தியும் இன்னும் ஐந்தாறு விவசாயிகளும் கரையில் நின்றார்கள். கிழக்கே பார்த்தால் இறால் பண்ணையில் ஆட்கள் மும்முரமாக மணல் மூட்டை அடுக்கிக் கரையை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். ஷட்டர்காரர் சாக்கைப் போர்த்திக்கொண்டு பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஏன் இன்னும் தெறக்கல?"

தண்ணீரைப் பார்த்தார். "ட்ரை பண்றேங்கய்யா."

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்றீங்க. ஷட்டர் கைப்பிடி எங்க?"

"ஷெட்டுல இருக்குங்கய்யா. ஐயா ஒரு டீ சாப்புட்டு வாங்க. மூணு மணி போல தெறந்துடலாம்."

மூன்று மணி. எதற்கு மூன்று மணி என்று நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்னை நானே கேட்டுக்கொண்டேன், பதிலும் நானே சொல்லிக்கொண்டேன். மூன்று மணிக்குள் பண்ணைக்காரர் மூட்டை அடுக்கி முடித்துவிடுவார். எல்லாம் பளிச்சென்று பொருந்தியது. இளம் நண்பர்களே, இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஒரு சந்தேகம் இவ்வளவு அழகாகப் பொருந்தினால், அந்தச் சந்தேகத்தின் மேலேயே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். எனக்கு அந்தப் புத்தி அப்போது இல்லை.

கோபம் வந்தாலும் நான் பொறியாளன். கண்ணை மூடிக்கொண்டு திறக்கவில்லை. ரெகுலேட்டருக்கு இரண்டு பக்கமும் அளவுப் பலகை இருக்கிறது. இறங்கிப் பார்த்தேன். ஊர்ப் பக்கத் தண்ணீர் கடல் பக்கத்தைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றது. ஆக, திறந்தால் வெளியே போகும். என் கையில் சாட்சி கிடைத்துவிட்டது. ஆட்களை விட்டு ஷெட்டிலிருந்து கைப்பிடியை எடுத்து வரச் சொன்னேன். ஷட்டர்காரர் தடுக்கவில்லை. கைப்பிடியை அவர்களிடம் அவரே எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பாலத்தின் கிழக்குப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

மூன்று ஷட்டரைத் தூக்கினோம். தண்ணீர் சுழித்துக்கொண்டு கடல் பக்கம் பாய்ந்தது. கரையில் நின்றவர்கள் முகம் மலர்ந்தது, ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ராசாத்தியைப் பார்த்து, வரப்பை வெட்டி விடும்மா, சீக்கிரம் வடியட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். அவள் மண்வெட்டியோடு ஓடினாள். ஆற்றங்கரைப் பக்கம் வரப்பை அகலமாக வெட்டிவிட்டாள். மற்றவர்களின் வயல் தள்ளி இருந்தது, அவர்கள் நடந்து போய்ச் சேரவே நேரமானது.

அரை மணி நேரம் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு சுழிப்பு அடங்கியது. தண்ணீர் அசையாமல் நின்றது. அப்படி நிற்கும் தண்ணீரை நான் குத்தாலத்தில் பார்த்ததில்லை. கொண்டல் காற்று கிழக்கேயிருந்து அடித்துக்கொண்டிருந்தது. பாலத்தின் கீழே மிதந்த ஒரு வைக்கோல் பிரி மெல்ல மேற்கே நகர்ந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது என்ன சொல்கிறது என்று மண்டையில் ஏற ஒரு நிமிடம் ஆனது.

மூடு மூடு என்று கத்தினேன். அதற்குள் ஊர்ப் பக்கம் சேர்ந்திருந்த ஆகாயத்தாமரை ஷட்டரின் அடியில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு ஷட்டர் இறங்கியது. மற்ற இரண்டும் முழங்கால் உயரத்துக்கு இறங்கிச் செடியின் மேல் உட்கார்ந்துவிட்டன. என்ன திருகினாலும் அசையவில்லை. கடல் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. ஷட்டர்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு, அரிவாளோடு தண்ணீரில் இறங்கினார். ஷட்டர் அடியில் முங்கி முங்கிக் கொடியை அறுத்தார். மேலே நின்ற நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறை அவர் தலை மறையும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசி ஷட்டர் இறங்கியபோது மணி ஒன்றரை.

வரப்பு வெட்டியிருந்த ஒரே வயல் ராசாத்தியுடையது. நான் வெட்டச் சொன்ன வழியாகவே உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தது.

மூன்று மணிக்குக் காற்று தணிந்து, கடல் நன்றாக இறங்கியது. ஷட்டர்காரர் ஐந்து ஷட்டரையும் ஒவ்வொன்றாகத் தூக்கினார். ராத்திரிக்குள் அந்தப் பகுதி முழுவதும் முழங்கால் தண்ணீர் வடிந்துவிட்டது. மற்ற எல்லோர் பயிரும் பிழைத்தது.

மறுநாள் செயற்பொறியாளர் வந்தார். பாலத்தின் மேல் விசாரணை. நான், ஷட்டர்காரர், ஆபீசிலிருந்து நான்கைந்து பேர், கொஞ்சம் தள்ளி ராசாத்தி. கடல் ஏறுகிறது என்று ஏ.இ.யிடம் சொன்னாயா என்று செயற்பொறியாளர் கேட்டார்.

ஷட்டர்காரர் தண்ணீரைப் பார்த்தார். "ட்ரை பண்றேன்னு சொன்னேங்கய்யா."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செயற்பொறியாளர் தொந்தி குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என்னைக் காப்பாற்றும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுத வேண்டும். ஒரு வாரத்தில் அறிக்கை கொடு என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

இனி எல்லாம் மழையின் கையில். நல்ல மழை இரண்டு நாள் பெய்தால் உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும், பயிர் தேறலாம் என்று வேளாண்மை அலுவலர் சொன்னார். மூன்று நாள் விடாமல் கொட்டிய மழை ஷட்டர் திறந்த நாளோடு நின்றுவிட்டது. வானம் துடைத்துவிட்டது போல வெளுத்துக் கிடந்தது. ராசாத்தி பக்கத்து வயலிலிருந்து இரவல் தண்ணீர் வாங்கி, பாய்ச்சி, வடித்து, மறுபடி பாய்ச்சினாள். நான் தினமும் ஒருமுறை போய்க் கரையில் நிற்பேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் நுனி சிவந்தது. ஐந்தாம் நாள் தோகை பாதி வரை கருகியது. ஆறாம் நாள் அவள் ஒரு பயிரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். வேர் கறுத்திருந்தது.

அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். "மூணு மணிக்குத் தெறக்கலாம்னு அவரு சொன்னப்ப, ஏன்னு கேட்டீங்களா சார்?"

இல்லை என்றேன். முடியாது, கடல் ஏறுகிறது என்று அவர் நேராகச் சொல்லியிருக்கலாமே என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் வரப்பில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா இந்த வயல்லதான் நட்டாங்க. நாளைக்கு நடுங்கன்னு மிராசு சொல்லுவாரு. தண்ணி கூடக் கெடக்கு, நட்டா மெதந்துடும்னு அம்மாவுக்குத் தெரியும். மொவத்துக்கு நேரா அதைச் சொல்ல முடியுமா? 'ஆவட்டுங்க'ன்னு சொல்லிட்டு நிப்பாங்க. காலு நவுறாது. மிராசு ஒரு நிமிஷம் பாப்பாரு. பாத்துட்டு, சரி நாளன்னைக்கு நட்டுக்கலாம்னு போயிடுவாரு. அவருக்குப் புரிஞ்சுது சார். இப்ப ஷட்டர்காரரு அதையே இங்கிலீஷ்ல சொல்றாரு. ஒங்களுக்குத்தான் புரியல."

 அவள் மேலும் சொன்னாள். மூன்று நாளாகக் கொண்டல் காற்று கடலை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்ததாம், இறங்கினாலும் இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லையாம், அதனால்தான் ஷட்டரை மூடியே வைத்திருந்தாராம். எனக்கு முன்னால் இருந்த ஏ.இ.யிடம் ஒருமுறை ஷட்டர்காரர் கடல் கணக்கை விளக்கப் போனாராம். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று அவர் ஊர் முன்னால் வைத்துத் திட்டியிருக்கிறார். அதிலிருந்து அவர் யாருக்கும் விளக்குவதில்லை. திறக்கக் கூடாத நேரத்தில் திறக்கச் சொன்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார், கடல் இறங்கியதும் திறப்பார். பயிர் பிழைக்கும், அதிகாரிக்கும் மரியாதை குறையாது. வருடக்கணக்காக அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது, ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கும் மேலே இருந்தவர்களுக்கும் மட்டும் தெரியவில்லை.

"அவரு மேல எதுவும் எழுதிடாதீங்க சார்" என்றாள். "பயிரு போனது போனதுதான். அவரு இல்லாட்டி அடுத்த வருசம் எங்களுக்கு யாரு இருக்கா?"

"ட்ரை பண்றேம்மா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அறிக்கை எழுதினேன். கடல் ஏறும் நிலையை ஷட்டர் இயக்குபவர் என் கவனத்துக்குக் கொண்டு வரவில்லை என்று ஒரு வரி. அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை. எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். நான்கு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஏன் எழுதினேன் என்று கேட்கிறீர்களா? எனக்குப் பதவி உயர்வு வரும் சமயம் அது. வேறு காரணம் எதுவும் கிடையாது, ஜோடித்துச் சொல்லவும் விருப்பமில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். உங்களுக்குக் கீழே இருப்பவர் ட்ரை பண்றேன் என்றால், அவர் சோம்பேறியா, விலை போனவரா என்று ஆராய்வதற்கு முன்னால், ஏன் இப்போது வேண்டாம் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டு, உட்காரவைத்துக் கேளுங்கள். நின்றுகொண்டிருப்பவர் சொல்ல மாட்டார். உங்களுக்கு மேலே இருப்பவர் ட்ரை பண்றேன் என்றால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இறால் எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பண்ணைக்காரர் கொடுத்ததாகவே இருக்கட்டும். இறால் வாங்கிய ஆளுக்கும் கடல் ஏறுவது தெரியும், வாங்காத எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதரின் மேல் உள்ள சந்தேகத்தைத் தண்ணீரின் மேல் போட்டு அளக்காதீர்கள். நீங்கள் இதையெல்லாம் கேட்பீர்களா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஷட்டர்காரரை ஒரே மாதத்தில் மாற்றிவிட்டார்கள். தஞ்சாவூருக்கு மேற்கே ஒரு வாய்க்கால் தலைப்பு மதகு. கடல் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து உப்புக்காற்றில் இருந்தவர், குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுத் தனியாகத்தான் போக வேண்டியிருந்தது. அடுத்த வருடம் ரெகுலேட்டருக்கு வேறு ஆள் வந்தார். நல்ல பையன், சொன்னவுடன் திறப்பான், சொன்னவுடன் மூடுவான். ராசாத்தி அந்த வருடம் சம்பா நடவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் அதற்குள் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

அந்த மாறுதல் வந்தபோது, விடுவிப்பு ஆணையில் கையெழுத்து வாங்க ஷட்டர்காரர் என் ஆபீசுக்கு வந்தார். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், தலை வாரியிருந்தார். உட்காரச் சொன்னேன். பரவாயில்லைங்கய்யா என்று நின்றார். கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் கதவு வரை போனதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"என் மேல கோவம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன்.

என் அறையில் பார்ப்பதற்குத் தண்ணீர் இல்லை. அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இல்லீங்கய்யா" என்றார்.

பணியில் இருந்த காலம் முழுவதும் யார் எதைச் சொன்னாலும் திருப்பிப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த ஆள் நான். அந்த ஒரு பதிலை மட்டும் அப்படியே நம்பினேன். நிம்மதியாக டீ வரவழைத்துக் குடித்தேன்.